கூப்பிடு தூரத்தில் ஒரு கம்பி

எங்கள் ஒபீஸில் சத்தம் அளக்கிற வேலை பார்த்தவருக்குக் காது கேட்காது. இதை யாரிடம் சொன்னாலும் நான் பகிடி விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். பகிடி இல்லை. மங்களேஸ்வரி அக்காவின் இடது காது முழுதாக அடைத்துப்போனது. வலது காதில் கருவி மாட்டினால் பாதி கேட்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பதினேழு வருஷம் மலைநாடு முழுக்கச் சத்தம் அளந்தார். அவருடைய கணக்கில் பிழை பிடித்தவர்கள் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை பிழை வந்தது. அதைப் பிடித்ததும் அவரேதான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் ரபீகா. மடவளையில் இருந்து தினமும் பஸ் பிடித்துக் கண்டிக்கு வருகிறவள். ஒபீஸில் எனக்கு இலக்கங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றுகிற வேலை. வெளிவேலைக்குப் போனால் அக்காவுக்கு உதவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் உம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆகவே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அக்காவின் தகப்பனார் சுன்னாகத்தில் இருந்து வந்து கம்பளை ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தவர். பதினொரு வயதில் அக்காவுக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது காதையும் கொண்டுபோனது. வகுப்பில் முன்வாங்கில் உட்கார்ந்து, டீச்சரின் உதட்டைப் பார்த்துப் பார்த்தே படித்தார். மற்றப் பாடங்களில் உதடு ஏமாற்றும், கணக்கு கரும்பலகையில் எழுதப்படுவதால் ஏமாற்றாது. கணக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பேராதனையில் பட்டமும் எடுத்தார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது, அங்கிருந்த ஒருவர் வேண்டுமென்றே பின்னால் போய் நின்றுகொண்டு கேள்வி கேட்டாராம். அக்கா திரும்பவில்லை. வேலையும் இல்லை.

இதைச் சொல்லும்போது அக்கா சிரிப்பார். எனக்குத்தான் கோபம் வரும். அந்த மனிதரின் பெயரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், அவர் சொல்லவே இல்லை. நல்லவேளை.

அக்காவிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. தன் குரல் தனக்குச் சரியாகக் கேட்காததால் எப்போதும் உரத்துத்தான் பேசுவார். பஸ்ஸில் என்னிடம் இரகசியம் சொன்னால் கொண்டக்டர் பதில் சொல்வார். இரண்டாவது, கணக்குப் போட உட்கார்ந்தால் காதுக் கருவியைக் கழற்றி ஒரு பழைய தைல டப்பிக்குள் வைத்து மூடிவிடுவார். மேலாளர் சத்தம் போட்டாலும் அதே டப்பிதான். அவர் கத்தக் கத்த, அக்கா புன்சிரிப்போடு தலையை ஆட்டிக்கொண்டு இருப்பார். பாதியில் அவரே களைத்துப்போய்விடுவார்.

எங்கள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைகளுக்கு மேலாகப் போகிற பெரிய மின்கம்பிகள் சும்மா போவதில்லை. வெயில் நாளில் ஊமையாக இருக்கும். மழை பெய்து ஓய்ந்து, பனிமூட்டம் இறங்கி, கம்பியின் அடியில் நீர்த்துளிகள் தொங்கும்போது பொரியத் தொடங்கும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம், அதற்கு அடியில் ஒரு ரீங்காரம். மழை பெய்யும்போது மழைச் சத்தத்தில் அது தெரியாது. மழை விட்டு ஊரே அடங்கிய பிறகுதான் ஆளைக் கொல்லும். இன்னும் கட்டாத ஒரு லைன், கட்டிய பிறகு எந்த வீட்டுக்கு எவ்வளவு சத்தம் கொடுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அக்காவின் வேலை. கம்பியின் தடிப்பு, மின்னழுத்தம், மலையின் உயரம், ஈரம், வீடு இருக்கிற தூரம் எல்லாவற்றையும் கொடுத்தால் அவருடைய மொடல், அதாவது அவர் கொம்பியூட்டரில் செய்து வைத்த கணக்கு, ஓர் இலக்கத்தைத் தரும்.

அந்த மொடல் சரியா என்று பார்க்கக் கம்பளைக்கு அப்பால் ஏற்கனவே இருக்கிற ஒரு லைனுக்குக் கீழே போய் நிற்போம். குடை பிடிக்கக்கூடாது. குடையில் விழுகிற துளியையும் மைக் அளந்துவிடும். இரண்டு பேரும் நனைந்த கோழிகளாக நிற்போம். மழை ஓய்ந்ததும் அக்கா என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பொரிகிற சத்தம் மெல்லிய கூர்மையான சத்தம், அது அவருக்குக் கருவி போட்டாலும் எட்டாது.

"பொரியுதோ, ரபீகா?"

"பொரியுது அக்கா. நல்லாச் சத்தம் ஈக்குது."

அதன் பிறகுதான் சத்தம் அளக்கிற மீற்றரைப் பார்ப்பார். "காது ஆளாளுக்கு மாறும், மீற்றர் மாறாது" என்பார். ஆனாலும் என்னிடம் கேட்காமல் ஒரு நாளும் மீற்றரைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் தெல்தோட்டைப் பக்கம் நெல்லிமலைத் தேயிலைத் தோட்டத்து வேலை வந்தது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் இருபத்திரண்டு குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், இருந்தார்கள். மண்சரிவு ஆபத்து என்று சொல்லி, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவு காணி கொடுத்து, ஓடைக்கு இந்தப்புறம் மேட்டில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஓடைக்கு அந்தப்புறம் புதிய மின்லைன் வரப்போகிறது. டவர் இன்னும் நடவில்லை, பாதையைக் காட்டச் சிவப்பு முளைகள் மட்டும் அடித்திருந்தார்கள். இரவில் நாற்பத்தைந்து டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். அதற்குள் அடங்குகிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் லைன் அதே வழியில் போகும். டவர் ஏறிவிட்டால் பிறகு யாராலும் நகர்த்த முடியாது. அந்த இருபத்திரண்டு குடும்பமும் அந்தச் சத்தத்தோடுதான் ஆயுசுக்கும் படுத்தெழும்ப வேண்டும்.

லைனுக்கு ஆகக் கிட்ட இருந்தது பதினெட்டாம் இலக்க வீடு. அது அங்கம்மாவுடையது. கொழுந்து பறிக்கிற பெண், ஐம்பது வயது. லயத்து ஓர் அறையில் ஏழு பேராகப் படுத்தவர். மருமகள் அப்போது ஆறு மாசக் கர்ப்பம். பிள்ளை புது வீட்டில்தான் பிறக்கும் என்று அங்கம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக் களக் கந்தோர், அதாவது அவர்களுடைய ஒபீஸ், வீட்டுக்கு வீடு தூரம் எழுதி ஒரு தாள் அனுப்பியது. பதினெட்டாம் வீட்டில் இருந்து லைன் பாதைக்கு அறுபத்தெட்டு மீற்றர். அதை அப்படியே கொம்பியூட்டரில் ஏற்றியவள் நான்தான். மொடல் நாற்பத்திரண்டு என்றது. சட்டத்துக்குள் அடக்கம். அக்கா கையெழுத்துப் போட்டார், ரிப்போர்ட் போனது.

இனிமேல் பொதுக்கூட்டம் மட்டும்தான் மிச்சம். ஆனால் அக்காவுக்கு ஒரு பிடிவாதம். கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் நேரில் போய் விளங்கப்படுத்த வேண்டும். ஆகவே கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாங்கள் அங்கம்மாவின் புது வீட்டு வாசலில், கூரை இல்லாத சுவரின் நிழலில் உட்கார்ந்து வெல்லக்கட்டியோடு வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

"பயப்பிடாதேங்கோ. சத்தம் வரும், ஆனா நித்திரை குழம்பாது" என்று அக்கா வழக்கம்போல் முழு மலைக்கும் கேட்கச் சொன்னார்.

"நீங்க சொன்னா சரிதாங்க மிஸ்" என்றார் அங்கம்மா. பிறகு தலையைத் திருப்பி ஓடைக்கு அந்தப்புறம் பார்த்து, "பாலம்மா, கீழ வாறியாடி?" என்று கேட்டார்.

அந்தப்புறம் சிவப்பு முளைக்குப் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து விறகு கட்டிக்கொண்டிருந்தாள். முகம் இந்தப்பக்கம் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "வர நேரமாகும்க்கா. வெத்தில முடிஞ்சிருச்சு, இருந்தா எடுத்து வைங்க" என்றாள்.

"அவவிட்டை வெத்திலை முடிஞ்சு போச்சாம்" என்று அக்கா சிரித்தபடி என்னிடம் சொன்னார்.

சொன்னவர் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். ஒபீஸ் இரைச்சலில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து நான் பேசினாலே உதட்டைப் பார்க்காவிட்டால் அவருக்கு விளங்காது; இங்கே மலையில் இலை அசைகிற சத்தம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தியின் பேச்சு அவருக்குக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"ரபீகா, அந்தப் பொம்பிளை எவ்வளவு தூரத்திலை நிக்கிறா?"

"அறுபத்தெட்டு மீற்றர் அக்கா. நான்தானே கொம்பியூட்டர்ல அடிச்சன்."

"அறுபத்தெட்டிலை நிக்கிற ஆளின்ரை கதை எனக்குக் கேளாது" என்றார். அங்கம்மாவைப் பார்த்து, "இந்தத் தூரத்தை ஆர் அளந்தது?" என்று கேட்டார்.

"நம்ம கணக்கப்புள்ளயும் நானுந்தாங்க டேப்பு புடிச்சோம்" என்றார் அங்கம்மா பெருமையாக. "இந்தப் படியால வளஞ்சு எறங்கி, ஓடையத் தாண்டி, அந்தப்பக்கம் ஏறி, முளை வரைக்கும் ஒரு அடி விடாம அளந்தோம்."

"நேரா அளக்கேல்லையோ?"

"நேராவா? எப்படிங்க மிஸ்? பறந்தா போக முடியும்?"

அவர் கேட்டதில் என்ன பிழை? தோட்டத்தில் தூரம் என்றால் கால் நடக்கிற தூரம். கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த ஓடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இறங்கி ஏறுகிறவர்களுக்கு, நடுவில் இருக்கிற வெறும் காற்று ஒரு தூரமாகவே தெரியாது. பேசுவதற்கு அது கூப்பிடு தூரம், போவதற்கு அது மூச்சு வாங்குகிற இறக்கமும் ஏற்றமும். சத்தத்துக்குக் காலும் இல்லை, படியும் இல்லை. அது நேராக வரும். ஏதோ பெரிய ஆள் மாதிரி அந்தத் தாளை வாங்கி, ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றினேனே, என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

பையில் தூரம் அளக்கிற லேசர் இருந்தது. அங்கம்மாவின் ஜன்னலில் வைத்து அந்த முளையை நோக்கிப் பிடித்தோம். இருபத்தாறு மீற்றர். அதிலும், இந்த மேடு உயரம் என்பதால் கம்பி வரப்போவது தலைக்கு மேலே அல்ல, சரியாக ஜன்னலின் மட்டத்தில்.

அக்கா அந்த இடத்திலேயே மடியில் லப்டொப்பை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டார். நாற்பத்தேழு.

அங்கம்மாவுக்கு டெசிபல் தெரியாது, எங்கள் முகம் தெரிந்தது. "என்னங்க மிஸ்?" என்றார். அக்கா மறைக்காமல் சொன்னார். தன் கணக்கு பிழை, கம்பி நித்திரையைக் குழப்பும் என்றார். அங்கம்மா கூரை இல்லாத சுவரில் கையை வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இந்த எடத்துல வீடே வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, ரிப்போர்ட் போயிட்டுது. இப்ப போய்ப் பிழைண்டு சொன்னா லைனை விட்டுட்டு வீட்டைத்தான் நிப்பாட்டுவாங்க. அஞ்சு டெசிபல்தானே" என்றேன். சொன்னதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் பயத்தில்தான் சொன்னேன். அந்தக் குடும்பங்கள் நாலு வருஷமாக அந்த வீட்டுக்குக் காத்திருந்தன.

"அதுகளுக்கு வீடும் வேணும், நித்திரையும் வேணும்" என்றார் அக்கா. கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் கருவி தைல டப்பிக்குள் போனது. மூன்று நாள் அது வெளியே வரவில்லை. மேலாளர் இரண்டு தடவை வந்து கத்திவிட்டுப் போனார். நான் தேத்தண்ணி வைப்பேன், அது ஆறிப்போகும். மூன்றாம் நாள் பின்னேரம் டப்பியைத் திறந்து கருவியை மாட்டிக்கொண்டு, மலையின் வரைபடத்தை என் முன்னால் விரித்தார். முப்பத்தோராம் டவரை ஓடைக்கரையில் நடாமல், பைனஸ் மரங்களுக்கு அப்பால் மலைத்தோளில் நட்டால் கம்பி அங்கம்மாவின் ஜன்னலில் இருந்து நேராக எண்பத்தைந்து மீற்றர். மொடல் சொன்னது நாற்பத்தொன்று.

கூட்டம் தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நடந்தது. லைன் வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர் வந்திருந்தார். அக்கா எழும்பி, தான் கொடுத்த ரிப்போர்ட் பிழை, அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். எங்கள் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எஞ்சினியருக்குக் கோபம் வந்துவிட்டது. போன மாசம் ஒன்று, இந்த மாசம் ஒன்றா, தன் கணக்கையே பிழை என்கிறவரின் புதுக் கணக்கை எப்படி நம்புவது என்று சத்தம் போட்டார். அது நியாயமான கேள்விதான். அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில், காதே கேட்காத மனுஷிக்குச் சத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. எழும்பப் போனேன். அவருடைய உதட்டை அக்காவும் படித்துவிட்டார். அக்காவின் கை காதுக்குப் போவதைக் கண்டேன். சரி, டப்பிக்குள் போடப் போகிறார், இனி இந்த மனிதர் சுவருக்குத்தான் கத்த வேண்டும் என்று நினைத்தேன். அக்கா கழற்றவில்லை. கருவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அவருடைய முகத்தை நேராகப் பார்த்து, சிங்களத்திலேயே சொன்னார்: "எனக்குக் கொஞ்சம்தான் கேட்கும். அதனால்தான் பிழையைக் கண்டுபிடித்தேன். வாருங்கள், போய் நின்று பார்ப்போம்."

முழுக் கூட்டமும் அங்கம்மாவின் வீட்டுக்கு நடந்தது. எஞ்சினியரை ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்னை ஓடையைத் தாண்டி முளையடியில் போய் நின்று, சாதாரணமாகப் பேசச் சொன்னார்.

அன்றைக்குக் காலைதான் மழை பெய்திருந்தது. படி முழுக்கச் சேறு. ஓடையில் வழுக்கி முழங்கால்வரை நனைந்து, மூச்சு வாங்க ஏறி, முளையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு காலிலும் அட்டை. என்ன பேசுவது என்று யோசித்துக்கூடப் போகவில்லை. அட்டையைப் பிடுங்கிக்கொண்டே வழக்கமான குரலில் சிங்களத்தில் புறுபுறுத்தேன்: "இந்தப் பெரிய மனுஷன் ஒரே ஒரு நாள் பெண்சாதி பிள்ளையோட இங்க வந்து படுத்துப் பாக்கட்டும். அப்ப தெரியும் யாருக்குக் காது கேக்கல்லைண்டு."

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப்பக்கம் எல்லோரும் எஞ்சினியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். யா அல்லா, பூமி பிளந்து நான் உள்ளே போயிருக்கக்கூடாதா!

அவர் சத்தம் போடவில்லை. நான் இறங்கிவந்த படியைப் பார்த்தார், என் சேற்றுக் காலைப் பார்த்தார், திரும்ப ஜன்னலைப் பார்த்தார். பிறகு கட்டி முடியாத சுவரில் உட்கார்ந்து அக்காவிடம் கேட்டார்: "முப்பத்தோராம் டவரை எங்கே வைக்கச் சொல்கிறீர்கள், மிஸ்?" அக்கா வரைபடத்தை விரித்தார். நான் திரும்பி வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நன்றாகக் கேட்டது, நங்கி." நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

ஒன்றரை மாசத்தில் புதுப் பாதைக்கு அனுமதி வந்தது. வீட்டு வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. அங்கம்மா சொன்னபடியே பேரப்பிள்ளை புது வீட்டுக்குத்தான் வந்தாள். எங்கள் மேலாளர் அக்காவோடு ஒரு கிழமை பேசாமல் இருந்தார். அது அக்காவுக்குத் தெரியவே இல்லை என்று நினைக்கிறேன்.

லைனில் மின்சாரம் விட்ட பிறகு, கணக்குச் சரியா என்று அளந்து பார்க்கத் திரும்பப் போனோம். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து ஒரு பின்னேரம். நாங்கள் விரும்பின மாதிரியே மழை பெய்து ஓய்ந்து மூட்டம் இறங்கியிருந்தது. அங்கம்மாவின் வீட்டில் அந்த ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. ஜன்னலடியில் சேலைத் தொட்டிலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் பைனஸ் மரங்களுக்கு மேலே கம்பி மங்கலாகத் தெரிந்தது.

மீற்றரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்லி அக்காவைச் சந்தோஷப்படுத்த ஆசையாக இருந்தது. ஆனால் கேட்டது. காதைக் கொடுத்துக் கேட்டால் மட்டும், எங்கேயோ பக்கத்துக் குசினியில் ஏதோ பொரிகிற மாதிரி, மிக மெல்லியதாக. மீற்றரில் நாற்பத்தொன்று.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"பொரியுதோ, ரபீகா?"

அவ்வளவுதான். மீற்றர் எழுபத்திரண்டுக்குப் பாய்ந்தது. தொட்டில் குலுங்கியது. பிள்ளை வீல் என்று கத்திக்கொண்டு எழும்பினாள். குசினியில் இருந்து அங்கம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏங்க மிஸ், கம்பிச் சத்தத்துக்கு ஒரு நாளும் எந்திரிக்காத புள்ளைங்க இது! அளக்க வந்த நீங்களே எழுப்பிட்டீங்களே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் அவரும் சிரித்தார். கருவியைக் கழற்றவில்லை. பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, அது காதடியில் கத்தக் கத்த முதுகைத் தட்டிக்கொடுத்தபடி என்னைப் பார்த்தார்.

"எழுதும், ரபீகா. பதினெட்டாம் வீடு, கம்பி நாற்பத்தொண்டு. பிள்ளை எவ்வளவு?"

மீற்றரைப் பார்த்தேன். "எம்பத்தாறு அக்கா."

"அதையும் எழுதும்" என்றார்.

எழுதினேன். அந்தக் களப் புத்தகம் இன்னும் ஒபீஸ் அலுமாரியில் இருக்கிறது, இரண்டு இலக்கத்துக்கும் கீழே அக்காவின் கையெழுத்தோடு.